சோபாவில் ஒரு மஞ்சள் கறை

'சைவம் சாப்பிடுபவர்களுக்கு மட்டும்' என்று போர்டு மாட்டித்தான் எங்கள் வீட்டுக்காரம்மா வேதவல்லி வீட்டை வாடகைக்கு விடுவாள். சோபாவும் அவளுடையது. அதனால் மாதாமாதம் கறை எடுக்கும் கைமெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அந்தச் சனியன் கறையை உறிஞ்சுவதோடு நிற்காது. அது என்ன கறை, யார் எச்சில் என்றும் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லும்.

அன்று சோபாவின் ஓரத்தில் மஞ்சளாய் ஒரு திட்டு இருந்தது.

"சாம்பார்தாம்மா," என்றேன்.

"மெஷின் சொல்லட்டும். மாடியில பங்கஜமும்தான் குடியிருக்கா, தனி ஆளா. என்ன ஆசாரம்! நீயும் இருக்கியே," என்றபடி மெஷினை வைத்து அழுத்தினாள்.

"வஞ்சிர மீன் குழம்பு," என்றது மெஷின்.

"நாளைக்கே வீட்டைக் காலி பண்ணு!"

மெஷின் இன்னும் முடிக்கவில்லை. "எச்சில், சபாபதி."

சபாபதி அவள் புருஷன். தண்ணீர் மோட்டார் பார்க்கிற சாக்கில் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறவர். அப்போது வாசலில்தான் நின்றிருந்தார்.

"எனக்கென்ன தெரியும்? வாழைக்காய்க் குழம்புன்னு சொல்லிப் போட்டாங்க," என்றார் கூசாமல்.

கேட்டுக் கேட்டு வாங்கித் தின்ற மனுஷன்! எனக்கு ரத்தம் கொதித்தது. மெஷினைப் பிடுங்கி, அவர் சட்டைக் காலரில் இருந்த சிவப்புக் கறையில் வைத்து அழுத்தினேன்.

"நண்டு மசாலா," என்றது மெஷின். "எச்சில், பங்கஜம்."

வேதவல்லி மாடியை அண்ணாந்து பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். சட்டையில் இப்போது ஒரு பொட்டுக் கறைகூட இல்லை.