ரப்பர் காதின் தீர்ப்பு

சோதனை அறையில் ஒரு ரப்பர் காது இருந்தது. அது நடுநிலை என்று சொன்ன இயர்போன்கள் விற்பனைக்குப் போகும். மற்றவை உடைபடும்.

அன்று ஒரு புது இயர்போன் பாடி முடித்தது.

"பாட்டுல வர்ற சலங்கைச் சத்தம் கம்மியா கேக்குது. நீ நடுநிலை இல்ல," என்றது காது.

"நான் எதையும் கூட்டல, குறைக்கல. உங்களை யாரோட காதைப் பார்த்துச் செஞ்சாங்க?"

"முதலாளியோட காதைப் பார்த்து. இருபது வருஷமா இங்க அதுதான் அளவு."

கதவு திறந்தது. முதலாளி சுத்தியலோடு வந்தார்.

"இது தேறல ஐயா," என்றது காது.

"என்ன?" என்றார் முதலாளி.

காது சத்தமாகச் சொன்னது.

"என்ன?"

காது மூன்றாம் முறை கத்திய பிறகுதான் அவர் சுத்தியலை ஓங்கினார்.