இன்னும் ஒருவர்

செவிலிமேட்டுப் பாலாற்று மணலில் ஞாயிறு சாயங்காலம் அவர்கள் ஆடுவது கண்ணாமூச்சிதான், ஆனால் போனில் ஒரு ஆப்பை வைத்து. தேடுகிறவர் நெருங்க நெருங்க அவர் போனும் ஒளிந்தவர் போனும் சேர்ந்து அதிரும். ஆளைப் பிடித்ததும் தேடுகிறவர் தன் போனில் 'பிடிச்சாச்சு' என்று அமுக்க வேண்டும். கடைசியாகப் பிடிபடுகிறவர்தான் அடுத்த ஆட்டத்தில் தேட வேண்டும்.

போன மழையில் மனோஜ் ஒளியப் போனவன், மணல் அள்ளிய பள்ளத்துத் தண்ணீரில் மூழ்கிவிட்டான். உடம்பு கிடைத்தது. போன் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் இன்றைக்குத்தான் மறுபடி ஆட வந்தார்கள்.

தேவிப்ரியா தேடினாள். இளவரசனைப் பிடித்தாள். மனோஜின் தங்கை பிராமியையும் பிடித்தாள். ஆட்டம் முடியவில்லை. 'இன்னும் ஒருவர்' என்று காட்டியது போன்.

"அவன் பேரு டீம்லயே இருக்குதுபா. யாரும் எடுக்கல," என்றான் இளவரசன்.

போன் விட்டு விட்டு அதிர்ந்தது. அதிர்வு கூடிய திசையிலேயே மூவரும் நடந்தார்கள். இப்போது காய்ந்து கிடந்த அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் தேவிப்ரியாவின் கையே மரத்துப்போகும் அளவுக்கு அதிர்ந்தது. உள்ளே வெறும் மணல்.

"பிடிச்சதா அமுக்கிடுக்கா," என்று பிராமி அழுதாள். "எங்கண்ணன் எவ்ளோ நேரம்தான் ஒளிஞ்சிக்கினு இருக்கும்?"

அமுக்கினாள். அதிர்வு நின்றது. மூவருக்கும் மனசு லேசானது.

வீட்டுக்கு வந்ததும் போனை அணைத்து டிவி பக்கத்தில் வைத்தாள். முகம் கழுவிவிட்டு வந்தபோது அணைத்த போன் மெல்ல அதிர்ந்தது. அப்புறம் கொஞ்சம் பலமாக. கடைசியாகப் பிடிபட்டது யார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வாசலில் அம்மா யாரிடமோ பேசும் சத்தம் கேட்டது.

"யாருப்பா? காலெல்லாம் ஈர மண்ணா இருக்குது. கழுவிக்கினு உள்ள வா."