இரவல் நாய்

“நாயைக் கூட்டிட்டு வரலாம் இல்லையா? சின்ன நாய்தான். ரொம்ப சாது.”

லின்சி போனை வைத்ததும் டங்கன் டீக் கோப்பையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

“எந்த நாய்?”

நியாயமான கேள்விதான். அவர்கள் வீட்டில் நாய் கிடையாது.

“பக்கத்து வீட்டு பார்னி. மிஸ்டர் ஹோல்ராய்ட் கிட்ட இரவல் கேட்கப் போறேன்.”

“இரவலா? அது என்ன புல்வெட்டுற மெஷினா?”

“மலைப்பக்கம் போறோம். நாய் இல்லாம நம்ம பாப்பி ஒரு மைல் நடப்பாளா? ஏழு வயசுக் குழந்தை. பாதி வழியில உட்கார்ந்துடுவா. நீதான் தூக்கிட்டு நடக்கணும்.”

“மலைப்பக்கமா? கடற்கரையில இல்ல இடம் புக் பண்ணியிருக்கோம்?”

“அதைக் கேன்சல் பண்ணிட்டேன். கோடையில அங்கே மணல்ல நாயை விடமாட்டாங்க. இது ஸ்வேல்டேல் பள்ளத்தாக்குல ஒரு பண்ணை. ஆத்தோரமா நம்ம கேரவன் வண்டியை நிறுத்தி அதுலேயே தங்கிக்கலாம். நாய் ஓட வேலி போட்ட புல்வெளி இருக்கு. பக்கத்து பப்ல நாய்க்குத் தனியாத் தண்ணிக் கிண்ணமே வைப்பாங்களாம். ஆகஸ்ட் ரெண்டாவது வாரம் கிளம்பறோம்.”

“வாரத்தையும் மாத்திட்டியா!”

“அப்பதான் இடம் இருந்துச்சு.”

டங்கனுக்குத் தலை சுற்றியது. நாய் என்றாலே காத தூரம் ஓடுகிறவள் லின்சி. ஒரு முடி மேலே பட்டாலும் நாள் முழுக்கத் தும்முவாள். இவளுக்குத் திடீரென்று என்ன வந்தது?

கடற்கரைப் பயணம் கைவிட்டுப் போனதுகூடப் பெரிதில்லை. ஹோல்ராய்டை நினைத்தால்தான் அவனுக்குக் கூச்சமாக இருந்தது. மனைவி போன பிறகு அந்த மனிதருக்கு இருக்கிற ஒரே துணை பார்னி. காலையில் அதோடுதான் பேப்பர் வாங்கப் போவார். மாலையில் அதோடுதான் சண்டை போடுவார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர் என்பதால் அந்தச் சண்டையும் அவர் போனில் பேசுவதும் இங்கே நன்றாகவே கேட்கும். யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிப் பழகாதவர். அப்படிப்பட்டவர் வாசலில் போய், “எங்களுக்குப் பொழுது போகணும், உங்க நாயைக் கொடுங்க” என்று நிற்பதா?

நின்றாள். டங்கனையும் இழுத்துக்கொண்டு போய் நின்றாள்.

“ரெண்டு வாரமா?” ஹோல்ராய்ட் இழுத்தார். “அவன் வேற இடத்துல தூங்கினதே இல்லையேம்மா.”

“என் காலடியிலேயே படுக்க வச்சுக்கறேன். பார்னி வர்றான்னு பாப்பி பள்ளிக்கூடம் பூரா சொல்லிட்டு வந்துட்டா. நீங்க இல்லைன்னு சொன்னா அழுது ஊரைக் கூட்டிடுவா.”

பச்சைப் பொய். பாப்பிக்கு இன்னும் விஷயமே தெரியாது. டங்கன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“செம்மறி ஆட்டைக் கண்டா துரத்துவான். சங்கிலியைக் கையிலேர்ந்து விடக் கூடாது.”

“விடமாட்டேன்.”

“சாப்பாட்டுல வெங்காயம் சேரக் கூடாது.”

“சேராது.”

ஹோல்ராய்ட் பெருமூச்சு விட்டார். “சரி. உன் குழந்தைக்காகத்தான்.”

வெளியே வந்ததும் டங்கன் பொரிந்து தள்ளினான்.

“உனக்குக் கொஞ்சமாவது இரக்கம் இருக்கா? நம்ம ஜாலிக்கு ஒரு தனிக்கட்டையோட துணையைப் பிடுங்கிட்டு வர்றியே!”

“பார்னிக்கும் ஒரு மாறுதலா இருக்கும்” என்று சொல்லிவிட்டு, அவள் பாட்டுக்குக் கேரவனில் துணிகளை அடுக்கப் போய்விட்டாள். அவள் ஒன்றை முடிவு செய்துவிட்டால் அவ்வளவுதான்.

கிளம்புகிற சனிக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. கேரவனைக் காரில் மாட்டியாகிவிட்டது. பின்சீட்டில் பாப்பி, முன்சீட்டில் லின்சி, லின்சி மடியில் பார்னி. அவள் மூக்கு அப்போதே சிவந்திருந்தது.

டங்கனுக்கு மனசு கேட்கவில்லை. மட்டுமரியாதை தெரிந்தவன் ஒருவனாவது இந்த வீட்டில் இருக்கிறான் என்று காட்டிவிட நினைத்து, ஹோல்ராய்ட் வீட்டுக் கதவைத் தட்டினான்.

“இப்பக்கூட வேண்டாம்னு சொல்லிடுங்க சார். லின்சியை நான் சமாளிச்சுக்கறேன்.”

ஹோல்ராய்ட் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

“காரியத்தைக் கெடுத்துடாதே தம்பி! செவ்வாய்க்கிழமை எனக்கு இருதய ஆபரேஷன்.”

“ஆபரேஷனா?”

“ரெண்டு தடவை நானே தள்ளிப் போட்டுட்டேன். பார்னியை யார் கிட்ட விடறது? இனியும் தள்ளினா உசுருக்கே ஆபத்துன்னுட்டார் டாக்டர்.”

“எங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!”

“நானா? போய்க் கேட்கறதா?” அந்த யோசனையே அவருக்குப் பிடிக்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திச் சிரித்தார். “நல்லவேளை, உன் பெண்டாட்டியே வந்து கெஞ்சினா. நானும் சும்மா கொஞ்சம் பிகு பண்ணிக்கிட்டேன். அவ கிட்ட மூச்சு விடாதே. நான்தான் அவளுக்கு உதவி செஞ்சேன்னு நினைச்சுக்கட்டும், பாவம்.”

டங்கன் சொல்லமாட்டேன் என்று தலையாட்டிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்து காரில் ஏறினான். லின்சிக்கே ஒருவர் தண்ணி காட்டிவிட்டார்! சொல்ல நாக்கு துறுதுறுத்தது. ஆனாலும் வாக்குக் கொடுத்துவிட்டானே. ஊர் எல்லையைத் தாண்டும்வரை வாயைத் திறக்காமல் ஓட்டினான்.

லின்சி அடுக்கடுக்காகத் தும்மினாள். பார்னி அவள் மடியை விட்டு இறங்குவதாக இல்லை. அதன் முதுகைத் தடவியபடியே மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

“செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் நிச்சயம்தானே? மறுபடியும் தேதியை மாத்திடலையே மனுஷன்?”