சர்க்கரை போடாத மஃபின்

சின்னவள் குப்பைத்தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

விருந்துக்கு வந்த வீட்டில், செருப்பைக் கழற்றிய கையோடு நேராகச் சமையலறைக்கு வந்து இந்த வேலை. அரிசிமாவுப் பை வந்தது. வாழைப்பழத் தோல் வந்தது. பேரீச்சம்பழ அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் படித்தாள்.

பெரியவள் ஓவனுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். படிடியம்மா, நன்றாகப் படி. கண்ணாடி வேண்டுமானாலும் கொண்டுவந்து தருகிறேன்.

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்ட ஓரகத்திகள். ஒரு வருடமாக ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிக்கவில்லை. சின்னவளின் புருஷன்தான் காலில் விழாத குறையாகக் கெஞ்சிக் கூட்டிவந்திருந்தான். இப்போது அண்ணனும் தம்பியும் கூடத்தில் டிவியைப் போட்டுவிட்டு, காதைச் சமையலறையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சாப்பாட்டு மேசைக்குக் கீழே சின்னவளின் ஐந்து வயது மகள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் அவள் வாலு. வாலுவுக்குப் பால் ஆகாது, முட்டை ஆகாது, முந்திரி பாதாம் எதுவும் ஆகாது. போதாக்குறைக்கு, சர்க்கரையைக் கண்ணிலேயே காட்டக் கூடாது என்பது அம்மாக்காரியின் சட்டம்.

அவளுக்கு மஃபின் செய்வதென்றால் முட்டைக்குப் பதில் ஆளிவிதையைப் பொடித்துத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய். சர்க்கரைக்குப் பதில் தோல் கறுத்த வாழைப்பழமும் அரைத்த பேரீச்சையும். இதற்குப் பேசாமல் பழத்தை உரித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போகலாம்!

ஆனாலும் பெரியவள் செய்தாள். புதுத் தட்டு வாங்கி, புதுக் கரண்டி வாங்கி, வீட்டிலிருந்த பாலையும் வெண்ணெயையும் காலையிலேயே பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு செய்தாள். இன்றைக்கு ஒரு பிசகு வந்தால் இந்த ஜென்மத்தில் அவளுக்கு விடிவில்லை.

போன வருடம் இதே சமையலறையில், இதே மஃபினைத் தின்றபோதுதான் குழந்தைக்கு உதடு வீங்கியது. மூச்சு விசிலடித்தது. சின்னவள் கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் அவசர ஊசியைத் தொடையில் போட்டு, காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடி, இரண்டு நாள் ஆஸ்பத்திரி. பால் உள்ளே போயிருக்கிறது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வாசலிலேயே, சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் முன்னால், சின்னவள் கையை நீட்டிக் கத்தினாள்.

“நீங்கதான் போட்டிருக்கீங்க!”

போதாதா? ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அன்றையிலிருந்து சொந்தத்தில் ஒருத்தியும் தன் பிள்ளையைப் பெரியவள் கையால் ஒரு பிஸ்கட்டுகூட வாங்க விட்டதில்லை. கட்டின புருஷனே, அவள் எந்தக் குழந்தைக்காவது தட்டை நீட்டினால் ஓரக்கண்ணால் பார்க்கிறான். நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது. சாட்சி உண்டா? எவளாவது கண்ணால் பார்த்தாளா?

ஓவன் மணி அடித்தது.

ஆறவைத்த மஃபின்களில் ஒன்றைச் சின்னவள் எடுத்தாள். பிய்த்தாள். முகர்ந்தாள். நாக்கு நுனியில் வைத்துக் கண்ணை மூடினாள். பெரியவள் ஆத்திரத்தோடு இன்னொன்றை எடுத்து, அவள் கண்ணெதிரே முழுசாகத் தின்று முடித்தாள். பால் ஒத்துக்கொள்கிறவள் தின்று காட்டுவதில் என்ன நிரூபணம் இருக்கிறது என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

பிறகு வாலு ஒரு வாய் கடித்தாள்.

சின்னவள் கைப்பையிலிருந்து ஊசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஐந்து நிமிடம் போயிற்று. கூடத்தில் டிவி சத்தம் நின்றது. பத்து நிமிடம். பெரியவள் அந்தச் சின்ன உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடவுளே, கடவுளே.

அரைமணி கழித்து வாலு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, “பெரியம்மா, இன்னொண்ணு” என்றாள்.

சின்னவள் உட்கார்ந்த இடத்திலேயே உடைந்துபோனாள்.

“மன்னிச்சிடுங்கக்கா. எல்லாம் என் தப்புதான். அன்னைக்கு இவளுக்குன்னு வீட்லேருந்து ஒரு தம்ளர் கொண்டுவந்தேன்ல, அதுல முந்தின நாள் இவரு பால் குடிச்சிருக்காரு. நான் சரியாக் கழுவல போல. என் பிள்ளையை நானே…”

இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆண்கள் இருவரும் எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றார்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு பெரியவளின் புருஷன் அவளை நேராகப் பார்த்தான். அந்தப் பார்வையில் வெட்கம் இருந்தது.

இதற்காகத்தான் அவள் காத்துக்கிடந்தாள்.

அன்றைக்கு மாவில் அவள் விட்டது ஒரே ஒரு கரண்டிப் பால். பால் ஆகாதாம், பவிசைப் பார், தெரியாமல் கொடுத்தால் எல்லாம் ஆகும் என்று விட்டது. குழந்தை நன்றாகத் தின்றதும் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரிக்கலாம், சின்னவளின் ஆர்ப்பாட்டம் அன்றோடு அடங்கும் என்று நினைத்திருந்தாள்.

இப்போதும் சொல்லலாம். சின்னவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

பெரியவள் இன்னொரு மஃபினை எடுத்துக் குழந்தையின் கையில் கொடுத்தாள்.

“சரி, அழாத. பெத்தவ கொஞ்சம் பார்த்துக் கழுவ வேணாமா?” என்றாள்.