முதல் தொட்டில்

இப்போதெல்லாம் தரச் சான்றிதழ் மட்டும் போதாது. தானாக ஆடும் தொட்டிலை இறக்குமதி செய்பவர், தன் சொந்தக் குழந்தையை அதில் தூங்கவைத்துக் காட்டினால்தான் தூத்துக்குடித் துறைமுகத்தில் முத்திரை விழும்.

வியாபாரி சங்கரபாண்டியனின் சான்றிதழில் ஒரு மாடல் எண். தொட்டிலில் வேறு எண்.

"கலர்தான் மேடம் வேற. எம்பிள்ளயத்தான படுக்கப் போடுதேன், பொறவு என்ன?"

தொட்டில் வேகமாக ஆடியது. குழந்தை வீறிட்டது. அவர் கையைப் பிசைந்தபடி நின்றார்.

"தூக்குங்க சார்," என்றார் அதிகாரி பெர்பெத்துவா. "பிள்ள பேரென்ன?"

சங்கரபாண்டியன் திரும்பி வாசலைப் பார்த்தார்.

பால் கசிந்து ரவிக்கை நனைந்த ஒரு பெண், காவலாளியின் கையை உதறிவிட்டு ஓடிவந்து குழந்தையை அள்ளிக்கொண்டாள்.

"இசக்கி," என்றாள். "எம்பிள்ள பேரு இசக்கி."