பாசம் குறைஞ்சாத்தான் விசா

எல்லாரும் எப்படி இருக்கீங்க? மழைக் காய்ச்சல் எல்லாம் விட்டுச்சா? எனக்கு அதே முட்டிவலிதான், புதுசா ஒண்ணும் இல்ல.

என் மக சாருமதி ஐரோப்பாவுல ஒரு சின்ன நாட்டுல இருக்கா. மாசமா இருக்கா, தையில பிரசவம். கூட இருக்கலாம்னு விசா கேட்டேன். பாஸ்போர்ட்டு, பேங்க் பேப்பர், இன்சூரன்சு எல்லாம் சரியா இருந்துச்சு. ஆனா எங்க போன் பேச்சைக் கேட்டு விசாக்காரங்க போடற பாச மார்க்குதான் தொண்ணூத்தொண்ணு. நாப்பதைத் தாண்டினா போனவங்க திரும்பி வரமாட்டாங்களாம். தள்ளிட்டாங்க.

"அம்மா, இனிமே போன்ல சண்டை போடுவோம். அவங்க கேக்கட்டும், மார்க்கு தானா இறங்கும்"னா சாரு.

மூணு மாசம் போட்டோம். ரசம் வைக்கத் தெரியாதவன்னு நான் திட்டுவேன், தொணதொணப்புன்னு அவ திட்டுவா. போனை வச்சப்புறம் சிரிச்சுக்குவேன். அம்பத்திரண்டுல வந்து நின்னுடுச்சு.

ஒரு நாள் எனக்கு அலுத்துப்போச்சு. "உங்கப்பா காரியத்துக்கே வராதவதானேடி நீ"ன்னுட்டேன்.

அவ, "இதுவும் நடிப்பாம்மா?"ன்னு கேட்டா. நான் முட்டிவலியைப் பத்திப் பேச ஆரம்பிச்சேன், அவ போனை வச்சுட்டா.

மறுநாளே விசா வந்துடுச்சு. மார்க்கு இருபத்தாறு.

லேகியம் கிண்டி, பெட்டியும் கட்டிட்டேன். அங்க ஏர்போர்ட்டுல அவ வந்து கையெழுத்துப் போட்டாத்தான் என்னை உள்ள விடுவாங்க. ஒன்பது நாளா அவ போனை எடுக்கல.

உங்க வீட்டுல இப்படிச் சண்டை போட்டு விசா வாங்கினவங்க இருந்தா, அப்புறம் எப்படி ராசியானீங்கன்னு எழுதுங்க. தை பொறக்கறதுக்குள்ள எழுதுங்க.