ஆள் நெரிசலுக்கு ஒரு வாக்கியம்

“கிரவுடட்னு வச்சு ஒரு வாக்கியம் சொல்லுங்கக்கா” என்றாள் ஸ்ரீமதி. தென்காசியில் வீட்டிலிருந்தபடியே போனில் ஆங்கிலம் கற்றுக்கொடுப்பவள் அவள். குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்ததால், கூட்டத்தைச் சொல்லும் வார்த்தைகளையே அன்றைய பாடமாக எடுத்திருந்தாள்.

மறுமுனையில் ஷரீபுன்னிசா. குத்துக்கல்வலசையில் புது வீட்டில் தனியாக இருக்கிறாள். லண்டனில் இருக்கும் கணவனிடம் போய்ச் சேர ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேறியாக வேண்டும். இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று, நாளைக்கு மூன்றாவது.

வகுப்புக்கு மட்டம் போட்டால் ஸ்கூட்டியில் வந்து வாசலில் நிற்பேன் என்று ஸ்ரீமதி மிரட்டி வைத்திருந்தாள். இன்றைக்கு நெடுநேரம் அடித்த பிறகுதான் போனை எடுத்தாள் ஷரீபுன்னிசா.

“மை ஹவுஸ் இஸ் கிரவுடட்.”

ஸ்ரீமதிக்குச் சிரிப்பு வந்தது. “ஒத்தையில இருக்க வீட்டுல என்னக்கா கூட்டம்? மெயின் அருவியைச் சொல்லலாம்லா?”

ஷரீபுன்னிசா வாக்கியத்தை மாற்றவில்லை. ஸ்ரீமதியின் வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான்: சொல்லுகிற வாக்கியம் பொய்யாக இருக்கக் கூடாது. அதை ஷரீபுன்னிசா அளவுக்கு இறுகப் பிடித்துக்கொண்டவர்கள் யாருமில்லை. ‘ஐ ஆம் ஹேப்பி’ என்று சொல்லச் சொன்னபோதுகூட, “அவுகளப் பாத்த பொறவு சொல்லுதேன் டீச்சர்” என்று மறுத்துவிட்டவள்.

“சரி, பேக்ட்?”

“மை கிச்சன் இஸ் பேக்ட் வித் ஸ்ட்ரேஞ்சர்ஸ்.”

நேற்றுச் சொல்லிக்கொடுத்த ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ என்ற வார்த்தையை மறக்கவில்லை. ஆனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் எதிரொலித்தது.

“ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களாக்கா?”

“யெஸ் டீச்சர்.”

ஒருநாளும் அப்படிப் போடுகிறவள் இல்லை. தேர்வு பயத்தில் என்னமோ ஆகிவிட்டது என்று ஸ்ரீமதி நினைத்துக்கொண்டாள். நாளைக்கும் இப்படிச் சொல்லி வைத்தால் லண்டனை மறந்துவிட வேண்டியதுதான்.

“கடைசி வார்த்தை. ஓவர் கிரவுடட்.”

“தி ஹவுஸ் இஸ் ஓவர் கிரவுடட். ஐ கேனாட் ப்ரீத்.”

ஸ்ரீமதிக்குப் பொறுமை போய்விட்டது. தமிழில் புட்டுப்புட்டு வைத்தால்தான் உறைக்கும் என்று குரலை உயர்த்தினாள்.

“என்னக்கா உளறுதீங்க? வீடு பூரா கூட்டமாம், அடுப்பங்கரை நெறைய முன்னப்பின்ன தெரியாத ஆளுகளாம், மூச்சு முட்டுதாம். நீங்க சொன்னதுக்கு இதுதான் அர்த்தம். தெரிஞ்சுதா?”

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருண்டது. பிறகு போனுக்கு மிக அருகில், நிதானமாக, ஓர் ஆண் குரல் கேட்டது.

“இப்பத்தான் தெரிஞ்சுது டீச்சர்.”